ஆர்க்கிட் பார்க்க கொடைக்கானல்தான் போகணுமா? திண்டிவனம் பக்கத்திலேயே பூக்கும் காட்டு ஆர்க்கிட்: தேடுவது எப்படி?

ஆர்க்கிட் என்றதும் பலருக்கும் நினைவுக்கு வருவது கொடைக்கானல் பைன் காடுதான். ஆனால் பைன் நம்ம ஊர் மரமே இல்லை. வெளியிலிருந்து கொண்டுவந்து நடப்பட்டது. பழனி மலையின் இயல்பான ஆர்க்கிட்டுகளுக்கு வீடு, பாசி படிந்த சோலைக்காட்டு மரங்கள்.

விழுப்புரம் மாவட்டத்தில் பைன் காடு கிடையாது. இங்கே பழங்கால ஊசியிலை மரம் பார்க்கணும்னா திருவக்கரை கல்மரப் பூங்காவுக்குத்தான் போகணும். அங்கே சுமார் 2 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய மரங்கள் கல்லாகக் கிடக்கின்றன. ஆனால் காட்டு ஆர்க்கிட்? அது உயிரோடவே இருக்கு.

எங்கே இருக்கிறது?

கிழக்குக் கடற்கரைச் சாலையில் மரக்காணத்துக்கும் புதுச்சேரிக்கும் இடையே இருக்கிறது கீழ்ப்புத்துப்பட்டு. இங்குள்ள அய்யனார் கோயிலைச் சுற்றியிருப்பது உலர் பசுமைமாறாக் காடு. காயா மரங்கள் நிறைந்த கோயில்காடு இது. சோழமண்டலக் கடற்கரையில் இந்த வகைக் காடு இப்போது சிறுசிறு துண்டுகளாகத்தான் மிஞ்சியிருக்கிறது. இப்படிப்பட்ட காடுகளிலும், பழைய மாந்தோப்புகளிலும் வளர்வதுதான் 'வாண்டா டெசல்லாட்டா'. வில்லியம் ராக்ஸ்பர்க் 1795-ல் சோழமண்டலக் கடற்கரைத் தாவரங்கள் பற்றிய நூலில் பதிவு செய்த செடி இது.

எப்படி அடையாளம் காண்பது?

தரையைப் பார்த்துத் தேடினால் கிடைக்காது, கிளைகளைப் பார்க்கணும். வார் போன்ற தடித்த இலைகள் இரண்டு வரிசையாக அடுக்கியிருக்கும். வெள்ளை நிறத் தடித்த வேர்கள் பட்டையைப் பற்றிக்கொண்டும், காற்றில் தொங்கிக்கொண்டும் இருக்கும். மஞ்சள் கலந்த பூவிதழ்களில் பழுப்புக் கட்டம் போட்ட கோலம். நடு இதழ் நீலம் அல்லது ஊதா. நல்ல வாசனையும் உண்டு. பெரும்பாலும் கோடையில் தேடினால் பூவோடு பார்க்கலாம்.

புல்லுருவியா இது?

இல்லை. புல்லுருவி மரத்துக்குள் வேரை இறக்கிச் சத்தை உறிஞ்சும். ஆர்க்கிட் மரத்தை இருக்கையாக மட்டுமே பயன்படுத்துகிறது. அதன் வேரைச் சுற்றி பஞ்சு போன்ற உறை இருக்கும். மழைநீரையும் பனி ஈரத்தையும் அதுதான் பிடித்துக்கொள்கிறது. எனவே தோப்பில் பார்த்தால் மரத்துக்குக் கெடுதல் என்று வெட்டிவிட வேண்டாம்.

பிடுங்கி வந்து வீட்டில் வளர்க்கலாமா?

கூடாது. காரணம் இரண்டு.

ஒன்று, சட்டம். காப்புக்காட்டிலிருந்து செடி எடுப்பது தமிழ்நாடு வனச் சட்டப்படி குற்றம். வெளிநாடுகளுக்கு இடையேயான ஆர்க்கிட் வணிகமும் 'சைட்டிஸ்' ஒப்பந்தக் கட்டுப்பாட்டுக்குள் வருகிறது.

இரண்டு, செடியின் இயல்பு. ஆர்க்கிட் விதை தூசி மாதிரி இருக்கும். முளைப்பதற்கான உணவுச் சேமிப்பு அதற்குள் இல்லை. ஒரு குறிப்பிட்ட வகைப் பூஞ்சை துணை சேர்ந்தால்தான் காட்டில் முளைக்கும். பிறகு பூக்கும் பருவம் வர பல வருஷம் ஆகும். பட்டையிலிருந்து பிய்த்தால் வேர் அறுபடும், செடி பிழைப்பது கடினம். ஒரு செடியை எடுப்பது ஐந்து நிமிஷ வேலை; அந்த இடத்தில் இன்னொன்று வருமா என்பதற்கு உத்தரவாதம் இல்லை. வளர்க்க ஆசை என்றால் நர்சரியில் பெருக்கிய கன்றுகளை வாங்கலாம்.

ஆபத்து எதனால்?

முதல் காரணம், மரம் வெட்டுவது. பழைய மரம் ஒன்று சாய்ந்தால் அதன் மேலிருக்கும் ஆர்க்கிட்டும் போச்சு. அடுத்தது மருந்துக்காக எடுப்பது. 'ராஸ்னா' என்ற பெயரில் நாட்டின் சில பகுதிகளில் இதன் வேர் விற்பனையாகிறது.

பார்த்தால் என்ன செய்யணும்?

போட்டோ எடுங்க, பூ, இலை, வேர் மூன்றும் தெரியணும். எந்த மரத்தில் இருந்தது, எந்தத் தேதி என்று குறித்துக்கொள்ளுங்கள். சரியான இடத்தை மட்டும் சமூக வலைதளத்தில் போட வேண்டாம். அது பறிப்பவர்களுக்கும் வழிகாட்டிவிடும். பல வகை ஆர்க்கிட்டுகளை ஒரே இடத்தில் பார்க்க விரும்பினால், ஏற்காட்டில் இந்தியத் தாவரவியல் ஆய்வு நிறுவனத்தின் தோட்டம் இருக்கிறது.

புளியங்காடு என்ற பொருளில் பெயர் வந்ததாகச் சொல்லப்படும் ஊர் திண்டிவனம். அந்தப் பக்கம் போகும்போது, பழைய மரங்களைக் கொஞ்சம் அண்ணாந்து பாருங்கள்.