கோக்கு, லூஃபி, நருட்டோ மோதிய கேம்... ஜப்பானைத் தாண்டாதது ஏன்?

டிராகன் பால் கோக்கு, ஒன் பீஸ் லூஃபி, நருட்டோ... மூணு பேரும் ஒரே மேடையில மோதினா எப்படி இருக்கும்? 2006 ஜூலை 20-ல் ஜப்பானில் அப்படி ஒரு கேம் வந்தது. பெயர் 'பேட்டில் ஸ்டேடியம் டி.ஓ.என்'. மூன்று தொடர்களின் முதல் எழுத்துகள்தான் அந்த டி, ஓ, என். 4 பேர் வரை சேர்ந்து ஆடலாம்.

ஆனால், ஜப்பானுக்கு வெளியே இது விற்பனைக்கே வரவில்லை.

ஏன்? ஜப்பானில் வெளியிட்டது பண்டாய் நாம்கோ. அமெரிக்காவில் கதையே வேற. அதே 2006-ல் அங்கே டிராகன் பால் கேமை வெளியிட்டது அடாரி. கேம்கியூபுக்கான நருட்டோ கேம் டோமியிடம். ஒன் பீஸ் மட்டும்தான் நாம்கோ பண்டாயிடம். இத்தனை பேரையும் ஒரே டிஸ்க்குக்குச் சம்மதிக்க வைப்பது லேசுப்பட்ட காரியமா என்ன?

நேரமும் கைகொடுக்கவில்லை. கேம் வந்தது பிளேஸ்டேஷன் 2, கேம்கியூப் இரண்டுக்கும். முன்னது 2000-ல் வந்த கன்சோல், பின்னது 2001. கேம் வந்த சில மாதங்களிலேயே, நவம்பரில் பிளேஸ்டேஷன் 3, டிசம்பரில் நின்டெண்டோ வீ ஜப்பான் கடைகளுக்கு வந்துவிட்டன.

சரி, டிஸ்க்கை மட்டும் ஜப்பான்ல இருந்து வரவழைச்சா போதுமா? போதாது. இரண்டு கன்சோல்களிலும் 'ரீஜன் லாக்' உண்டு. மற்ற பல நாடுகளில் விற்ற மெஷினில் ஜப்பான் டிஸ்க் அப்படியே ஓடாது. ஜப்பான் மெஷினையும் சேர்த்தே வாங்கணும். அதுக்கப்புறமும் மெனு முழுக்க ஜப்பானிய மொழிதான்!