வைத்தியம் இலவசம், வண்டிக்குக் காசு

பிரிட்டனின் அரசு மருத்துவமனைகளில் வண்டி நிறுத்தக் கட்டணம் பரவலானது 1988-க்குப் பிறகுதான். அதற்கு நாற்பது ஆண்டு முன்னர், 1948 ஜூலை 5 அன்று, சுகாதார அமைச்சர் அனய்ரின் பெவன் தேசிய சுகாதாரச் சேவையைத் தொடங்கிவைத்தார். சிகிச்சை பெறும் இடத்தில் யாரும் காசு கொடுக்க வேண்டியதில்லை என்பதே அதன் அடிப்படை. அந்தக் கொள்கையில் முதல் ஓட்டை விழ அதிக காலம் ஆகவில்லை. 1951-இல் பல்செட்டுக்கும் மூக்குக் கண்ணாடிக்கும் கட்டணம் வைக்க அரசு முடிவெடுத்தபோது பெவன் பதவி விலகினார். அடுத்த ஆண்டே மருந்துச் சீட்டுக்கு ஒரு ஷில்லிங் வந்தது. அந்தச் சண்டைகளில் கார் பேசுபொருளே அல்ல. மருத்துவமனைகள் ஊரின் நடுவே, பெரும்பாலும் விக்டோரியா காலக் கட்டடங்களில் இருந்தன. நோயாளியைப் பார்க்க வந்தவர்களில் பெரும்பாலோர் பஸ்ஸில் வந்தார்கள், அல்லது நடந்து வந்தார்கள்.

கார்கள் பெருகிய பிறகு ஊர் நடுவே இருந்ததே தொல்லையாயிற்று. ரயில் நிலையத்துக்கும் கடைத்தெருவுக்கும் பக்கத்தில் இருந்த மருத்துவமனை வளாகம், வேலைக்குப் போகிறவர்கள் காலையில் காரை விட்டுவிட்டு மாலையில் எடுத்துப் போக வசதியான இடமானது. எக்ஸ்ரேவுக்கு வந்தவர் இடம் தேடி வளாகத்தைச் சுற்றிச் சுற்றி வந்தார். வாசலில் தடுப்புக் கட்டை போடவும் சீட்டுக் கொடுக்கவும் சொல்லப்பட்ட முதல் காரணம் இந்த வெளியாட்களை விலக்குவதுதான். அந்தக் காரணத்தில் நியாயம் உண்டு என்பதைக் கட்டண எதிர்ப்பாளர்கள் எளிதில் ஒப்புவதில்லை. அது பாதிக் காரணம்தான் என்பதை நிர்வாகிகளும் ஒப்புவதில்லை.

மீதிப் பாதி வருமானம். மார்கரெட் தாட்சர் ஆட்சியில் நிறைவேறிய 1988-ஆம் ஆண்டுச் சுகாதார, மருந்துச் சட்டத்தின் ஏழாவது பிரிவு, மருத்துவமனைகள் தங்கள் சொத்தைக் கொண்டு கூடுதல் பணம் ஈட்டலாம் என்று அனுமதித்தது. கடைக்கு வாடகை விடலாம், விளம்பரம் வைக்கலாம், வண்டி நிறுத்தக் கட்டணமும் வாங்கலாம். வண்டி நிறுத்துவது மருத்துவச் சேவையில் சேராது, ஆகவே இலவச உறுதிமொழி அதைக் கட்டுப்படுத்தாது என்ற விளக்கம் அப்போது நிலைத்தது. 1991 முதல் மருத்துவமனைகள் தத்தம் வரவுசெலவைத் தாமே பார்த்துக்கொள்ளும் டிரஸ்டுகளாக மாறின. கட்டணத்தின் அளவைத் தீர்மானிப்பதும் அவற்றின் பொறுப்பானது. ஓர் ஊரில் இரண்டு மணி நேரத்துக்கு வாங்கிய தொகை, இன்னோர் ஊரில் நாள் முழுவதற்கும் போதும் என்ற நிலை அப்படித்தான் வந்தது. 2018–19 நிதியாண்டில் இங்கிலாந்தின் டிரஸ்டுகள் இந்த வகையில் ஈட்டியது சுமார் 27 கோடி பவுண்டு. அதில் ஒரு பகுதி, அங்கேயே வேலை பார்க்கும் ஊழியர்களின் சம்பளத்திலிருந்து வந்தது.

1992-இல் அறிவிக்கப்பட்ட தனியார் நிதித் திட்டம் இதைச் சிக்கலாக்கியது. தனியார் கூட்டமைப்பு ஒன்று கடன் வாங்கி மருத்துவமனையைக் கட்டும்; அரசு அதற்கு முப்பது ஆண்டு போல ஆண்டுத் தொகை கட்டும். புதுக் கட்டடங்கள் பல ஊருக்கு வெளியே எழுந்தன. நாரிச் நகரின் மருத்துவமனை 2001-இல் நகர்ப்புறத்திலிருந்து கோல்னிக்குப் போனது. எடின்பரோவின் ராயல் இன்ஃபர்மரி 2003-இல் பழைய நகரத்தை விட்டு லிட்டில் ஃபிரான்ஸ் என்ற ஓரப் பகுதிக்கு இடம் மாறியது. கார் இல்லாமல் போவது கடினமான இடத்துக்கு மருத்துவமனையை மாற்றிவிட்டு, காருக்குக் கட்டணம் வாங்குவது என்ன முறை என்று அப்பகுதி மக்கள் கேட்டார்கள். எடின்பரோவில் அந்தக் கட்டணம் கட்டடம் கட்டிய தனியார் கூட்டமைப்போடு போட்ட ஒப்பந்தத்திலேயே அடங்கியிருந்தது. வேறு சில மருத்துவமனைகள் வண்டி நிறுத்துமிடத்தை மட்டும் தனியே ஒரு நிறுவனத்துக்குப் பல ஆண்டுக் குத்தகையாக விட்டன.

தகராறு முதலில் எழுந்தது கட்டணத்தின் அளவைப் பற்றித்தான். கதிரியக்கச் சிகிச்சைக்கு வாரத்தில் ஐந்து நாள், பல வாரம் வரும் புற்றுநோயாளிக்கு நாள்தோறும் கட்டும் தொகை சேர்ந்து பெரிதாகும். நாடாளுமன்றப் பொது அவையின் சுகாதாரக் குழு 2006-இல் வெளியிட்ட அறிக்கை, அடிக்கடி வருவோருக்குப் பருவச் சீட்டு போன்ற சலுகை வேண்டும் என்று பரிந்துரைத்தது. அதன்பின் நாட்டின் பகுதிகள் வெவ்வேறு வழியில் போயின. வேல்ஸில் சுகாதார அமைச்சர் எட்வினா ஹார்ட் 2008-இல் கட்டணத்தை நீக்கினார். ஒப்பந்தத்தில் மாட்டியிருந்த இடங்களுக்கு 2011 இறுதிவரை தவணை கொடுத்தார். ஸ்காட்லாந்தில் முதலில் நாளுக்கு 3 பவுண்டு என்று உச்சவரம்பு வந்தது. பின் நிகோலா ஸ்டர்ஜன் சுகாதாரத் துறையைக் கவனித்த காலத்தில், 2008 இறுதியோடு கட்டணமே போனது. விதிவிலக்கு மூன்று: எடின்பரோ ராயல் இன்ஃபர்மரி, கிளாஸ்கோ ராயல் இன்ஃபர்மரி, டண்டீயின் நைன்வெல்ஸ். மூன்றிலும் நிறுத்துமிடம் தனியார் ஒப்பந்தத்தில் இருந்தது. அமைச்சரின் அறிவிப்பு அந்த மூன்று வாசலோடு நின்றுவிட்டது. அரசு 2021-இல் பணம் கொடுத்து ஒப்பந்தங்களை மீட்கும் வரை அங்கே கட்டணமும் நீடித்தது. இடையே கொரோனா காலத்தில் மட்டும் நிறுத்திவைக்கப்பட்டது.

இங்கிலாந்தில் 2009-இல் சுகாதார அமைச்சர் ஆண்டி பர்ன்ஹம் உள்நோயாளிகளின் குடும்பத்தாருக்கு இலவச அனுமதி தருவதாகச் சொன்னார். அடுத்த ஆண்டு ஆட்சிக்கு வந்த கூட்டணி அரசு அதைக் கைவிட்டது.

அளவைப் பற்றிய சண்டை இப்படிப் போய்க்கொண்டிருக்க, தண்டத் தொகையைப் பற்றிய சண்டை வேறு பாதையில் வளர்ந்தது. தனியார் நிலத்தில் நேரம் கடந்து நிற்கும் வண்டியின் சக்கரத்துக்குப் பூட்டுப் போட்டு, பணம் கட்டினால்தான் திறப்பது என்ற வழக்கம் 1990-களில் கொடிகட்டிப் பறந்தது. ஸ்காட்லாந்து நீதிமன்றம் 1992-இலேயே அதை மிரட்டிப் பணம் பறிப்பது என்று தடுத்துவிட்டது. இங்கிலாந்தும் வேல்ஸும் 2012 அக்டோபர் 1 வரை காத்திருந்தன. அன்று பூட்டைத் தடை செய்த அதே சட்டம், அதன் நான்காவது அட்டவணையில், நிறுவனங்களுக்கு வேறோர் ஆயுதம் தந்தது. வண்டியை யார் ஓட்டினார் என்று தெரியாவிட்டால், பதிவேட்டில் பெயர் உள்ளவரிடமே பணம் கேட்கலாம். பெயரும் முகவரியும் அரசின் வாகனப் பதிவுத் துறையிடம் கிடைக்கும்; ஒரு விசாரணைக்கு இரண்டரை பவுண்டு.

பூட்டுக்காரர் போனார், கேமரா வந்தது. வாசலில் நுழையும்போதும் வெளியேறும்போதும் நம்பர் பிளேட்டைப் படம் பிடிக்கும். இரண்டு படத்துக்கும் இடைப்பட்ட நேரமே கணக்கு. இடம் தேடிச் சுற்றிய கால் மணி நேரமும், சக்கர நாற்காலியை இறக்கிய பத்து நிமிடமும், டாக்டர் ஒன்றரை மணி நேரம் தாமதமாக வந்ததும் கேமராவுக்குத் தெரியாது. இரண்டு வாரத்துக்குள் வீட்டுக்கு ஒரு நோட்டீஸ் வரும்: இரண்டு படம், இரண்டு நேரம், தொகை 100 பவுண்டு வரை, பதினான்கு நாளுக்குள் கட்டினால் தள்ளுபடி. அதன் தலைப்பு ‘பார்க்கிங் சார்ஜ் நோட்டீஸ்’. நகராட்சி சட்டப்படி விதிக்கும் அபராதத்துக்கு ‘பெனால்டி சார்ஜ் நோட்டீஸ்’ என்று பெயர். இரண்டுக்குமே சுருக்கம் பி.சி.என். இந்த ஒற்றுமை தற்செயல் என்று நம்புவோர் குறைவு. பார்த்ததும் பயந்து கட்டியவர்கள் பலர், தங்களிடம் வந்தது அபராதம் அல்ல, ஒப்பந்த மீறலுக்கான பணக் கோரிக்கை என்பதை அறியாமலே கட்டினார்கள்.

ஒப்பந்தம் எங்கே போடப்பட்டது? வாசலில் உள்ள பலகையில். பலகையைப் படித்து உள்ளே வந்து நிறுத்தியதே சம்மதம் என்பது சட்டத்தின் நிலை. இதில் பழைய தீர்ப்பு ஒன்று உண்டு. 1971 என்று சட்டப் புத்தகங்கள் குறிக்கும் தார்ன்டன் வழக்கில், தானியங்கி இயந்திரத்தோடு வாடிக்கையாளர் வாதாட முடியாது, ஆகவே நிபந்தனைகள் சீட்டு வாங்குவதற்கு முன்பே தெளிவாகத் தெரிய வேண்டும் என்று டென்னிங் பிரபு சொன்னார். இன்றும் பலகையின் எழுத்து சிறியது, விளக்கு எரியவில்லை, மரக்கிளை மறைத்தது என்று வாதாடுவோர் நிற்பது அந்த அடித்தளத்தில்தான்.

தொகை நியாயமா என்ற கேள்விக்கு விடை கொடுத்தது செம்ஸ்ஃபோர்டு நகரின் கடை வளாகம் ஒன்று. இரண்டு மணி நேரம் இலவசமான அந்த இடத்தில் பாரி பீவிஸ் என்பவர் 56 நிமிடம் கூடுதலாக நின்றார். 85 பவுண்டு கேட்டார்கள். நிறுவனத்துக்கு ஏற்பட்ட நஷ்டம் ஒரு காசுகூட இல்லை, ஆகவே இது செல்லாத தண்டம் என்பது அவர் வாதம். 2015 நவம்பர் 4 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகளில் ஆறு பேர் அதை ஏற்கவில்லை. இடத்தைச் சீராகப் பகிர்வதில் உரிமையாளருக்கு நியாயமான அக்கறை உண்டு, தொகையும் அளவு மீறியதல்ல என்றார்கள். தீர்ப்பு கடை வளாகத்தைப் பற்றியதே ஆனாலும் மருத்துவமனை வாசல்களிலும் அதுவே மேற்கோளானது. கடைக்கு வந்தவர் எப்போது கிளம்புவது என்று தாமே தீர்மானிக்கலாம், பிரசவ வார்டுக்கு வெளியே நிற்பவர் தீர்மானிக்க முடியாது. இந்த வேறுபாட்டை அந்த வழக்கில் எடைபோட வாய்ப்பே எழவில்லை.

மிகக் கசப்பான வழக்கு வேல்ஸில், கட்டணமே ஒழிந்ததாகச் சொல்லப்பட்ட நாட்டில் வந்தது. கார்டிஃபின் பல்கலைக்கழக மருத்துவமனையில் தனியார் ஒப்பந்தம் 2011 தவணையையும் தாண்டி 2018 வரை இருந்தது. ஊழியர்களுக்கு இடம் போதவில்லை. கிடைத்த இடத்தில் நிறுத்திவிட்டுப் பணிக்குப் போன செவிலியர்களுக்கும் மற்ற ஊழியர்களுக்கும் நோட்டீஸ்கள் குவிந்தன. பலர் கட்ட மறுத்தார்கள். 2017 ஜூலையில் சோதனை வழக்காக வந்த மூவரும் கார்டிஃப் நீதிமன்றத்தில் தோற்றனர். அந்த முடிவு சுமார் 75 ஊழியர்களைப் பாதித்தது. ஒப்பந்தக் காலம் முடிந்தபின் அங்கும் கட்டணம் போனது.

இங்கிலாந்தில் சுகாதாரத் துறை 2014-இல் வெளியிட்ட வழிகாட்டுதல், வெளியேறும்போது கட்டும் முறையை டிரஸ்டுகள் பரிசீலிக்க வேண்டும், குத்தகை நிறுவனத்தின் செயலுக்கு டிரஸ்டே பொறுப்பு, நோட்டீஸ் வருமானத்தை மட்டும் நம்பும் ஒப்பந்தம் கூடாது என்றெல்லாம் சொன்னது. நல்ல வரிகள்தான், ஆனால் வழிகாட்டுதலை மீறினால் தண்டனை இல்லை. அடுத்த ஆண்டு, நோயாளியைப் பராமரிப்போருக்கு விலக்குக் கேட்டு நாடாளுமன்ற உறுப்பினர் ஜூலி கூப்பர் கொண்டுவந்த தனிநபர் மசோதா, எதிர்த்த உறுப்பினர் ஒருவரின் நெடும்பேச்சில் நேரம் கரைந்து வாக்கெடுப்பைக் காணாமலே போனது. 2019 தேர்தல் வாக்குறுதியைத் தொடர்ந்து நான்கு பிரிவினருக்கு இலவசம் வந்தது: மாற்றுத்திறனாளிகள், இரவு தங்கும் நோயுற்ற குழந்தைகளின் பெற்றோர், இரவுப் பணி ஊழியர்கள், அடிக்கடி வரும் வெளிநோயாளிகள். ‘அடிக்கடி’ என்பதற்கு இலக்கணம், மாதத்துக்கு மூன்று முறையாவது, மூன்று மாதமாவது வருவது. கொரோனா காலத்தில் ஊழியர் எல்லோருக்கும் கிடைத்த இலவச அனுமதி 2022 மார்ச் 31-உடன் முடிந்தது.

தனியார் நிறுத்துமிடங்கள் அனைத்துக்கும் அரசே நடைமுறை விதி வகுக்க 2019-இல் சட்டம் வந்தது. 2022 பிப்ரவரியில் வெளியான விதித்தொகுப்பு, நிறுவனங்கள் நீதிமன்றம் போனதால் அதே ஜூனில் திரும்பப் பெறப்பட்டது. அந்த இடைவெளியில் தொழிலின் இரு சங்கங்களும் சேர்ந்து 2024-இல் தாமே ஒரு விதித்தொகுப்பை வெளியிட்டன. மேல்முறையீட்டுக்கு 2012 முதல் ‘பாப்லா’ என்ற அமைப்பு உண்டு. நடைமுறையில் பல மருத்துவமனைத் தகராறுகள் அதுவரை போவதில்லை. வார்டிலிருந்தோ நோயாளர் உதவி அலுவலகத்திலிருந்தோ, இன்னார் அன்று இத்தனை மணி வரை சிகிச்சையில் இருந்தார் என்று ஒரு கடிதம் போனால் நோட்டீஸ் பெரும்பாலும் ரத்தாகிவிடும். அப்படிக் கேட்கலாம் என்று நோட்டீஸில் பொதுவாக அச்சிடுவதில்லை.

வட அயர்லாந்து கடைசியாக வந்தது. அங்கே கட்டணத்தைத் தடை செய்யும் சட்டம் 2022-இல் நிறைவேறி, 2024 மே மாதம் நடப்புக்கு வர வேண்டும் என்று கெடு வைத்தது. கெடு நெருங்கியபோது, வருமான இழப்பை ஈடுகட்டப் பணம் இல்லை, நெரிசலைச் சமாளிக்கும் ஏற்பாடும் தயாராக இல்லை என்று சுகாதாரத் துறை சொன்னது. அதே சட்டமன்றம் இன்னொரு சட்டம் போட்டு, கெடுவை இரண்டு ஆண்டு தள்ளிவைத்தது.