ஆறு வாரத்தில் ஏறிய விலை

1988 அக்டோபரில் ஆர்ஜேஆர் நபிஸ்கோவின் பங்கு நியூயார்க் சந்தையில் ஏறக்குறைய 55 டாலர். சிகரெட்டும் ஓரியோ பிஸ்கட்டும் விற்ற நிறுவனம் அது. அதன் தலைவர் ராஸ் ஜான்சன், கடன் வாங்கித் தன் கூட்டாளிகளோடு அதை வாங்கிக்கொள்ள, பங்குக்கு 75 டாலர் தருவதாகச் சொன்னார். போட்டி மூண்டது. நவம்பர் 30இல் இயக்குநர் குழு 109 டாலர் மதிப்பில் கேகேஆருக்கு விற்றது. மொத்தம் சுமார் 2,500 கோடி டாலர். ஆறு வாரத்தில் பிஸ்கட்டின் ருசியா கூடிவிட்டது?

மாறியது கணக்குதான். வருங்காலத்தில் வரும் பணத்தை இன்றைய மதிப்புக்குக் குறைத்துப் பார்ப்பது 'டிஸ்கவுண்டட் கேஷ் ஃப்ளோ'. பத்து வருஷம் கழித்து வரும் 100 வெள்ளி, ஆண்டுக்கு 10 சதவீதம் என்று குறைத்தால் இன்று 39 வெள்ளி. 14 சதவீதம் என்றால் வெறும் 27. அப்படியே நடத்தினால், கிளைகளை விற்றால், ஆட்களைக் குறைத்தால் என்று ஒவ்வொரு சூழலுக்கும் ஒரு விலை வரும்.

இங்கேதான் எனக்கு உறுத்துகிறது. உச்ச விலை கொடுத்தபின் அந்தச் 'சூழல்கள்' ஊகமாக இருப்பதில்லை. கடன் அவற்றைக் கட்டாயமாக்கிவிடுகிறது. ஏன்னா கடனை அடைக்க வேண்டியது வாங்கப்பட்ட நிறுவனமே. 1989இலேயே ஐரோப்பிய பிஸ்கட் கிளைகள் விற்கப்பட்டன, டெல் மான்டே பழ வணிகம் போனது, புகையிலைப் பிரிவில் ஆட்குறைப்பு நடந்தது. கேகேஆருக்கும் பெரிய லாபமில்லை.

பங்குதாரர்களுக்குக் கூடுதலாகக் கிடைத்த 34 டாலரில் வேலையிழந்தவர்களின் பங்கு எவ்வளவு என்று எந்தக் கணக்கிலும் தனி வரி கிடையாது.