தேனீயின் களஞ்சியம்



ராகலையின் தேயிலை மலைகளிலே பனி விலகும் காலை வேளையில் இரு வகைக் கூடைகள் நிரம்புகின்றன. ஒன்று, நம் தாய்மார் முதுகில் சுமக்கும் கொழுந்துக் கூடை. மற்றொன்று, தேனீ தன் பின்னங்கால்களில் சுமந்து செல்லும் மகரந்தக் கூடை. கொழுந்தின் வரலாறு பலகாலும் சொல்லப்பட்டது. தேனீ சேர்த்து வைக்கும் பொருளுக்கும் ஒரு வரலாறு உண்டு. அதனையே இன்று கூறப் புகுகின்றேன்.

இம்மலைநாடு கண்டி மன்னரின் ஆட்சியில் இருந்த காலத்தில், 1660-ஆம் ஆண்டில், ராபர்ட் நொக்ஸ் என்னும் ஆங்கிலேயர் சிறைப்பட்டார். ஏறத்தாழ 19 ஆண்டுகளின் பின் தப்பிச் சென்ற அவர், 1681-இல் இலண்டனில் தம் நூலை வெளியிட்டார். அதில் வேடரைப் பற்றிய செய்தியொன்று உளது. அவர்கள் மரத்தைக் குடைந்து, தேனை வார்த்து, இறைச்சியை நிரப்பி, வாயைக் களிமண்ணால் அடைத்து வைப்பராம். உணவு கிட்டாத காலத்துக்கு அதுவே சேமிப்பு. அழுகலுக்குக் கிருமிகளே காரணம் என்பதைப் பாஸ்டர் நிறுவுவதற்கு ஏறக்குறைய இரு நூற்றாண்டுகள் முன்னரே வேடர் கைக்கொண்ட முறை இது.

தேன் எவ்வாறு காக்கின்றது? தேனில் நீர் பொதுவாக ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவு. அதன் சர்க்கரை, கிருமியின் உடலிலுள்ள நீரையே உறிஞ்சிவிடும். புளிப்புத் தன்மையும் துணை செய்யும். தேன் கிருமிகளை எதிர்க்கின்றது என்பதை 1892-இல் வான் கெற்றல் என்னும் அறிஞர் எடுத்துரைத்தார். 1963-இல் அமெரிக்க ஆய்வாளர் வைற்றும் அவர் துணைவரும் மற்றொரு காரணத்தைக் கண்டனர். தேனீ தன் உடலிலிருந்து சேர்க்கும் ஒரு நொதியத்தால், தேனில் ஐதரசன் பேரொட்சைட்டு உண்டாகின்றது என்பதே அது. புண் கழுவப் பயன்படும் மருந்தும் அதே பொருளன்றோ!

இனி மகரந்தத்துக்கு வருவோம். தேனீ அதனை உலர்ந்த பொடியாகச் சேர்ப்பதில்லை. பூந்தேனும் உமிழ்நீரும் கலந்து உருண்டையாக்கிக் கொணர்ந்து, அறைகளில் அமுக்கி, மேலே சிறிது தேன் பூசுகின்றது. பின்னர், தயிரைப் புளிக்க வைக்கும் நுண்ணுயிர்களின் இனத்தவை அதனைப் புளிக்க வைக்கின்றன. இதனால் குஞ்சுகளுக்கான புரத உணவு கெடாதிருக்கின்றது.

எண்ணெய் நாட்பட்டுச் சிக்கு வாடை வீசுவது ஒட்சியேற்றத்தின் விளைவு. அதனைத் தடுக்கும் குவெர்செற்றின் முதலிய பொருள்கள் மகரந்தத்தில் உள்ளன. நம் தேயிலைக் கொழுந்திலுள்ள கற்றெச்சின்களும் அதே பெருங்குடும்பத்தைச் சேர்ந்தவை. புண்ணில் சீழ் உண்டாக்கும் சில கிருமிகளின் வளர்ச்சியையும் மகரந்தச் சாறு ஆய்வுகூடத் தட்டுகளில் தடுத்துள்ளது. ஆயினும் பூவுக்குப் பூ இவ்வாற்றல் வேறுபடும். யூக்கலிப்டஸ் மகரந்தத்தின் இயல்பே தேயிலைப் பூவின் மகரந்தத்துக்கும் இருக்குமென எண்ணுதல் தகாது.

இங்கே ஓர் எச்சரிக்கை. ஆய்வுகூடத் தட்டு வேறு, மனித உடல் வேறு. மகரந்தம் ஒவ்வாதவர்க்கு அது மூச்சுத்திணறலையும் உண்டாக்கலாம். சர்வரோக நிவாரணி என்று விற்பவர் சொல்லை நம்பி, மருத்துவரை நாடாதிருத்தல் பெரும் பிழை.

அதனினும் முக்கியமானது ஒன்றுண்டு. பிறந்த குழந்தையின் நாவில் சேனை தொட்டு வைப்பது நம்மிடையே நெடுநாளைய வழக்கம். சிலர் அதற்குத் தேனைப் பயன்படுத்துவர். தேன் கிருமிகளை வளரவிடாது என்பது மெய்யே. ஆனால் பொற்றுலினம் என்னும் கிருமியின் வித்திகள் சில வேளை தேனுள் சாகாமல் உறங்கிக் கிடக்கும். வளர்ந்தோர் குடல் அவற்றை அடக்கிவிடும். பச்சிளங் குழந்தையின் குடலிலோ அவை முளைத்து நஞ்சைச் சுரக்கும். குழந்தை தளர்ந்து, பால் குடிக்கவும் மூச்சு விடவும் இயலாது போகலாம். இந்நோய் 1976-இல்தான் அமெரிக்காவிலே இனங்காணப்பட்டது. ஆகவே, நம் பாட்டிமார் இதனை அறியாதிருந்தது அவர்கள் குற்றமன்று. அறிந்த பின்னும் நாம் தொடர்வதே குற்றமாகும்.

வேடரின் அனுபவம் தேனின் ஆற்றலை நமக்குக் காட்டியது. அதன் எல்லையைக் காட்டியது ஆய்வு. வீட்டிலுள்ள தேன் போத்தலைக் குழந்தையின் முதலாவது பிறந்த நாள் வரை எட்டாத தட்டிலேயே வைத்திருங்கள். அதுவரை தாய்ப்பாலே அதற்குத் தேன்.