முதலாளி இல்லாத தெருவில் திறன்பயிற்சி: ரமணாசிரமம் பகுதியை முன்வைத்து

இந்தியத் திறன்பயிற்சிக் கொள்கையின் கருவிகள் பெரும்பாலும் ஒரு முதலாளியைத் தேடிப் போகின்றன. 1961-ஆம் ஆண்டின் தொழில் பழகுநர் சட்டம், 2019 விதித் திருத்தத்துக்குப் பிறகு, 30 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடங்களில் பழகுநரைச் சேர்ப்பதைக் கட்டாயமாக்கியது. நான்கு பேருக்குக் குறைந்த இடம் அதன் கணக்கிலேயே வராது. 2024-இல் நடுவண் நிதிநிலை அறிக்கை ஐந்தாண்டில் ஒரு கோடி இளைஞருக்கு உள்ளகப் பயிற்சி என்று அறிவித்தபோதும் 500 பெருநிறுவனங்களைத்தான் கைகாட்டியது.

இந்த அளவுகோலோடு திருவண்ணாமலை செங்கம் சாலைக்கு வந்தால், ரமணாசிரமத்தைச் சுற்றியுள்ள தெருக்களில் அளப்பதற்கு எதுவும் அகப்படாது. ஆட்டோ ஓட்டுநர், வாடகை அறைகளைக் கூட்டித் துடைப்பவர், சமையல் ஆள், பூக்கட்டுபவர், கொத்தனார், சித்தாள் என்று வேலை செய்வோர் நிறைய. அவர்களை ஒரு பதிவேட்டில் வைத்திருக்கும் முதலாளிதான் இல்லை. இங்கே உற்பத்தித்திறனைக் கீழே வைத்திருப்பது பயிற்சிக் குறைவு என்று சொல்லிவிடுவது எளிது. கற்ற வேலைக்குக் கூலி ஏறாததும், வேலை தொடர்ந்து கிடைக்காததுமே முதற்காரணங்கள் என்பது இக்கட்டுரையின் வாதம்.

தொழில் எப்படிப் படிகிறது என்பதற்கு ஆசிரமத்தின் கட்டட வரலாறே சான்று தருகிறது. 1922-க்குப் பின் ரமண மகரிஷியின் தாயாரின் சமாதியை ஒட்டிக் குடிசைகளாகத் தொடங்கிய இடம், 1930-களில் கல் கட்டடங்களாக மாறியது. கோசாலை, வேதபாடசாலை, மருந்தகம், 1938-இல் உணவுக்கூடம் ஆகியவற்றின் வேலையை மேற்பார்த்தவர் ரமணரின் சீடர் அண்ணாமலை சுவாமி. 1928-இல் வந்தபோது அவருக்குக் கட்டடத் தொழிலில் பழக்கம் கிடையாது. வேலையின் நிலவரத்தை ரமணரிடம் சொல்வதும், அடுத்துச் செய்யவேண்டியதைக் கேட்டுக்கொள்வதும் அவரது நடைமுறை. சில சமயம் ரமணரே தாளில் கோடு போட்டுக் காட்டியிருக்கிறார். சமையற்கூடத்திலும் ரமணர் விடியுமுன்னே காய் நறுக்க உட்கார்ந்தார்; வீணாக்காமல் சமைப்பதை உடனிருந்தவர்கள் அங்கேதான் பழகினார்கள்.

பக்தியைப் பொருளியலாக மாற்றிக் காட்டுவது என் நோக்கமல்ல. கூலி வாங்காத சீடரை வைத்து உழைப்புச் சந்தையை விளக்க முடியாது. ஆனால் அந்தப் பத்தாண்டில் இரண்டு நிபந்தனைகள் நிறைவேறியிருந்தன. ஒரே இடத்தில் அடுத்தடுத்து வேலை இருந்தது. செய்த வேலையைப் பார்த்துத் திருத்த, தெரிந்த ஒருவர் பக்கத்தில் இருந்தார். வகுப்பறை இல்லாமலே ஒரு மேற்பார்வையாளர் உருவானதற்கு இவை போதுமானவையாக இருந்தன.

இன்று அதே சுற்றுவட்டாரத்தில் எழும் விடுதிகளிலும் அடுக்ககங்களிலும் முதல் நிபந்தனை இல்லை. மேஸ்திரி சதுர அடிக் கணக்கில் வேலை எடுக்கிறார்; ஒரு கட்டடம் முடிந்தால் ஆட்கள் கலைந்துவிடுகிறார்கள். பெரியாளுக்கு உதவியாகச் சேரும் பையன் கலவை கொடுப்பதில் தொடங்கி, மட்டம் பிடிக்கவும் தூக்குக்குண்டு விடவும் பழகி, கரணையைக் கையில் வாங்குகிறான். பழகும் காலத்துக் குறைந்த கூலிதான் அவன் கட்டும் கட்டணம். எங்கும் பயன்படும் திறனுக்கான செலவை முதலாளி ஏற்கமாட்டார், கற்பவரே குறைந்த ஊதியத்தின் வழியாக அதைச் சுமப்பார் என்று பொருளியலாளர் கேரி பெக்கர் 1964-இல் எழுதியதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு தேவையில்லை.

பெக்கரின் கணக்கு பொய்த்துப்போகும் இடம் சித்தாள். அதே சாரத்தடியில் அந்தப் பெண்ணும் பாண்டு சுமக்கிறார். பூச்சு எப்போது இறுகும், கலவையில் தண்ணீர் எவ்வளவு என்பது அவருக்கும் தெரியும். குறைந்த கூலி என்ற கட்டணத்தை அவர் இருபது ஆண்டு கட்டியும் கொத்தனார் ஆவதில்லை. கரணையை அவர் கையில் யாரும் கொடுப்பதில்லை. ஏற்கெனவே உள்ள திறனை வீணடிக்கும் இந்த வழக்கத்தை எந்தப் பயிற்சி மையமும் தொடவில்லை. நாட்டின் உழைப்பாளர்களுக்குத் திறன் போதவில்லை என்று மேடைதோறும் பேசுகிறவர்கள் ஒருமுறை சாரத்தடியில் நின்று பார்க்கலாம்.

சேவைத் தொழில்களில் குறை வேறு வகை. அண்மை ஆண்டுகளில் ஆந்திரம், தெலங்கானாவிலிருந்து வருவோர் பெருகியதும் கடைப் பலகைகளில் தெலுங்கு வந்தது. ஓட்டுநர்கள் தெலுங்கில் பேரம் பேசுகிறார்கள். இதற்கு யாரும் வகுப்பு எடுக்கவில்லை. அவர்களின் நாள் வருமானத்தைத் தின்பது காத்திருப்பும் வெறும் வண்டியாகத் திரும்புவதும்தான். பௌர்ணமியிலும் கார்த்திகை தீபத்திலும் 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையில் கூட்டம் மிகும்போது அங்கே வண்டிப் போக்குவரத்து கட்டுப்படுத்தப்படுகிறது. வெளிநாட்டவர் வரவு குளிர்காலத்தோடு குறைகிறது. ஒரு மணி நேர உழைப்புக்கு எவ்வளவு வருமானம் என்று அளந்தால், சும்மா நிற்கும் மணியும் வகுஎண்ணில் சேரும். அதைச் சான்றிதழ் குறைக்காது.

தொழிற்சாலைதான் விடை என்று ஒரு மறுப்பு எழும். இதே மாவட்டத்தின் செய்யாறு சிப்காட்டில் காலணி ஆலை ஆயிரக்கணக்கான பெண்களுக்கு மாதச் சம்பளம் தந்திருக்கிறது; அந்த மறுப்பில் நியாயம் உண்டு. வேலை அங்கே நிலையானது, பழகுவதும் வேலையிலேயே நடக்கிறது. ஆனாலும் கோயில் நகரத்தின் கட்டட வேலையும் விருந்தோம்பலும் செய்யாற்றுக்குப் பெயர்ந்துவிடப்போவதில்லை. மாவட்டத்திலிருந்து பெங்களூருக்குப் போகும் கொத்தனார் அங்கே தேடுவது கூடுதல் கூலியையும் விடாத வேலையையும்தான். தொழிலை அவர் ஊரிலேயே கற்றுவிட்டார்.

2022-23 உழைப்பாளர் கணக்கெடுப்பை மேற்கோள் காட்டும் பொருளாதார ஆய்வறிக்கை, 15 முதல் 29 வயதுள்ளோரில் முறைசார் தொழிற்பயிற்சி பெற்றவர் 4.4 விழுக்காடு, முறைசாரா வழியில் கற்றவர் 16.6 விழுக்காடு என்கிறது. முதல் எண்ணை உயர்த்தவே பணம் போகிறது. 2023-இல் வந்த நடுவண் அரசின் விஸ்வகர்மா திட்டம் கொத்தனாரையும் சேர்த்துக்கொண்டது நல்லது. ஐந்து முதல் ஏழு நாள் அடிப்படைப் பயிற்சிக்கு நாளுக்கு 500 ரூபாய் உதவித்தொகை. அதிலுள்ள குடும்பத் தொழில் என்ற நிபந்தனையைத் தமிழக அரசு எதிர்த்தது; 35 வயதுக்கு மேற்பட்டோருக்கான கலைஞர் கைவினைத் திட்டத்தைத் தனியே கொண்டுவந்தது. குலத்தொழிலுக்குள் இளையோரைத் தள்ளக்கூடாது என்ற அந்த எதிர்ப்பு சரியானது. ஆனால் இரண்டு திட்டங்களும் கைவினைஞரைக் கடன் வாங்கும் தனியாளாகவே பார்க்கின்றன. அவரிடம் கற்பவருக்கு அவற்றில் இடமில்லை.

தொடர்ச்சியான வேலையை உண்டாக்கும் வலு இங்கே பொதுத்துறைக்கே உண்டு. 2024-இல் மாநகராட்சியாக உயர்ந்த திருவண்ணாமலையில் கிரிவலப் பாதை, கழிப்பிடம், வடிகால், நடைமேடை வேலைகள் ஓய்வதில்லை. அவற்றின் ஒப்பந்தங்களில் மூன்று நிபந்தனைகளை எழுதலாம்: சித்தாளாக இருந்த பெண்களுக்குக் கொத்தனார் நிலையில் குறிப்பிட்ட பங்கு, அந்த நிலைக்குரிய கூலி, கற்றுக்கொடுக்கும் மேஸ்திரிக்குத் தனிப் படி. பயிற்சி நிதி மையத்தின் வாடகைக்குப் போவதற்குப் பதில் இந்தப் படிக்குப் போகட்டும். பணம் விடுவிக்கும் சோதனையும் எளிது: ஆறு மாதம் கழித்து அந்தப் பெண் எந்தக் கூலியில் கையெழுத்திடுகிறார் என்று வருகைப் பதிவேட்டைப் பார்த்தால் போதும்.