சிவப்பு டின், நீல டின்

மண்ணெண்ணெய் டின் என்ற பொருளில் நம் ஜனங்களுக்கு மண்ணெண்ணெய் பாதி, டின் பாதி. எண்ணெய் தீர்ந்த பிறகுதான் டின்னின் உண்மையான ஜீவிதம் ஆரம்பமாகும். மேல் தகட்டை வெட்டியெடுத்துவிட்டுக் குறுக்கே ஒரு கட்டையை வைத்து ஆணி அடித்தால் தண்ணீர் சுமக்கும் வாளி. மூடி ஒன்று செய்து போட்டால் வெல்லம், முறுக்கு, கல்யாண அப்பளம் எது வேண்டுமானாலும் வைக்கலாம். துருப்பிடித்துப் போனால் பிரித்துத் தட்டி நிமிர்த்திக் கூரை ஒழுகுகிற இடத்தில் செருக வேண்டியது. என் பாட்டி வீட்டில் இப்படி மூன்று பிறவி எடுத்த டின் ஒன்று இருந்தது. கடைசியில் அதில் துளசி வளர்ந்தது.

இந்தத் தகர டின்னை அலட்சியம் செய்ததால் ஒரு பெரிய கம்பெனி தன் முதல் சரக்கோடு கிழக்குத் தேசங்களில் திண்டாடி நின்றது என்று படித்தபோது, எனக்குப் பாட்டியின் ஞாபகம்தான் வந்தது. வேறு யாரிடமும் கேட்கவேண்டாம், அவளைக் கேட்டிருந்தால் போதும், முன்கூட்டியே எச்சரித்திருப்பாள்.

அமெரிக்காவில் ராக்பெல்லர் 1870ல் ஸ்தாபித்த ஸ்டாண்டர்டு ஆயில் கம்பெனி, பத்துப் பதினைந்து வருஷங்களுக்குள் உலகத்தின் விளக்குகளுக்கெல்லாம் எண்ணெய் வார்க்கும் நிலைக்கு வந்துவிட்டது. ஐந்து காலன் டின்கள் இரண்டை ஒரு மரப்பெட்டியில் அடைத்து, கப்பலில் அடுக்கி, பாதி உலகத்தைச் சுற்றிக் கொண்டுவந்து விற்றார்கள். டின்னின் நிறம் நீலம். போட்டிக்கு யாராவது முளைத்தால் அவனைத் தீர்த்துக்கட்ட அவர்கள் வைத்திருந்த முறை நம் கடைத்தெருவுக்கும் புதிதல்ல. அவன் விற்கிற ஊரில் மட்டும் விலையை அடிமட்டத்துக்கு இறக்குவது, அந்த நஷ்டத்தை மற்ற ஊர்களில் ஏற்றி வசூலிப்பது. சிறியவன் எத்தனை நாள் தாங்குவான்?

இந்தக் கணக்கைப் புரிந்துகொண்டவர் லண்டனில் இருந்த மார்கஸ் சாமுவேல். அவருடைய தகப்பனார் கடற்சிப்பிகளையும், சிப்பி பதித்த அலங்காரப் பெட்டிகளையும் விற்றுப் பிழைத்தவர். பிள்ளைக்குக் கிழக்கு ஆசியத் துறைமுகங்களில் எல்லாம் வியாபாரத் தொடர்பு உண்டு. ருஷ்ய நாட்டுப் பாக்கூவில் எண்ணெய் பொங்கிக்கொண்டிருந்தது. அங்கிருந்து கருங்கடல் துறைமுகமான பாத்தூமுக்கு ரயில் போட்டாகிவிட்டது. அந்த எண்ணெயை டின்னில் அடைக்காமல் கப்பலின் வயிற்றிலேயே ஊற்றிச் சூயஸ் கால்வாய் வழியாகக் கொண்டுவந்தால் செலவு எவ்வளவோ மிச்சம். அதோடு, ஓர் ஊரில் அல்ல, எல்லா ஊர்களிலும் ஒரே சமயத்தில் கடை விரிக்கவேண்டும். அப்போது ஸ்டாண்டர்டு எங்கே விலையை இறக்கி எங்கே ஏற்றும்?

நல்ல யோசனைதான். ஆனால் எண்ணெய்க் கப்பல் எதையும் அதுவரை கால்வாய்க்குள் விட்டதில்லை. நடுவில் தீப்பிடித்தால் என்ன கதி? லண்டன் வக்கீல் கம்பெனி ஒன்று, தன் கட்சிக்காரர் யார் என்று சொல்லாமலே, அனுமதிக்கக் கூடாதென்று கடிதத்துக்கு மேல் கடிதம் எழுதியது. கட்சிக்காரர் யாராயிருக்கும் என்று ஊகிக்க அதிக மூளை வேண்டியதில்லை. சாமுவேல் புதுமாதிரிப் பத்திரமான கப்பல் ஒன்றைக் கட்டி அனுமதி வாங்கிவிட்டார். கப்பலின் பெயர் 'மியூரெக்ஸ்'. அது ஒரு சங்கினத்தின் பெயர். பின்னால் வந்த ஒன்றுக்குச் சங்கு என்றே பொருள்படும் 'காங்க்' என்று பெயர். தகப்பனாரின் தொழிலைப் பிள்ளை மறக்கவில்லை! 1892 ஆகஸ்டில் 'மியூரெக்ஸ்' கால்வாயைக் கடந்து சிங்கப்பூருக்கும் பாங்காக்குக்கும் போய்ச் சேர்ந்தது. தாங்கிகள் கட்டவும் ஏஜெண்டுகளைப் பிடிக்கவும் மருமகன்மார் முன்னதாகவே அனுப்பப்பட்டிருந்தார்கள்.

எல்லாம் தயார். எண்ணெய் மலிவு. வாங்க வருபவர்கள் பாத்திரம் கொண்டுவருவார்கள் என்று லண்டனில் நினைத்திருந்தார்கள். யாரும் கொண்டுவரவில்லை. டின் எங்கே என்று கேட்டார்கள்! நீல டின்னைத்தான் அவர்கள் வாளியாகவும் கூரையாகவும் குவளையாகவும் மாற்றிக்கொண்டிருந்தார்கள். டின் இல்லாத எண்ணெய் எத்தனை மலிவானாலும் அவர்கள் கணக்கில் நஷ்டம்.

சாமுவேல் வாதாடவில்லை. தகரத் தகடுகளைக் கப்பல் கப்பலாக அனுப்பி, விற்கிற இடங்களிலேயே டின் செய்யச் சொன்னார். நிறம் பளபளக்கும் சிவப்பு. கடல் கடந்து நசுங்கித் துருவேறி வருகிற நீல டின்னுக்குப் பக்கத்தில், அன்றைக்குச் செய்த சிவப்பு டின் புது மணப்பெண் மாதிரி நின்றிருக்கவேண்டும். சீக்கிரத்தில் கிழக்கே குடிசைக் கூரைகள் நீலத்திலிருந்து சிவப்புக்கு மாறின என்று எழுதியிருக்கிறார்கள். பிறகு சீனாவில் ஸ்டாண்டர்டு கம்பெனி சின்னச் சின்ன விளக்குகளை மிகமிக மலிவாகக் கொடுத்து எண்ணெய்க்கு ஆள் பிடித்தது. வாங்குகிறவன் வீட்டுக்குள் எட்டிப் பார்க்க அதுவும் கற்றுக்கொண்டுவிட்டது.

1897ல் சாமுவேலின் வியாபாரம் 'ஷெல்' கம்பெனி ஆயிற்று. அவர் லண்டன் நகரத்து லார்டு மேயராகவும் ஆனார். ஆனால் 1907ல் டச்சுக்காரர்களின் ராயல் டச்சுக் கம்பெனியோடு சேரும்போது அவர்களுக்கு அறுபது பங்கு, இவருக்கு நாற்பதுதான். டச்சுப் பக்கத்தில் நின்றவர் டெட்டர்டிங் என்ற மகா பிடிவாதக்காரர். 1911ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஸ்டாண்டர்டை 34 கம்பெனிகளாக உடைத்தது.

அடுத்த சண்டைக்கு இந்தியாவே களம். போல்ஷ்விக் அரசாங்கம் ருஷ்யாவில் டெட்டர்டிங்கின் எண்ணெய்க் கிணறுகளைப் பறித்துக்கொண்டிருந்தது. நியூயார்க் ஸ்டாண்டர்டு கம்பெனி அந்த ருஷ்ய எண்ணெயை வாங்கி இந்தியாவில் விற்றது. திருட்டுச் சரக்கு என்று டெட்டர்டிங் கொதித்தார். 1927ல் இங்கே மண்ணெண்ணெய் விலையை வெட்டினார். அவர்களும் வெட்டினார்கள். சண்டை மற்ற தேசங்களுக்கும் பரவியது.

1928ல் ஸ்காட்லாந்தில் ஆக்னகாரி என்ற கோட்டையை டெட்டர்டிங் வாடகைக்கு எடுத்தார். பறவை வேட்டை என்று பேச்சு. நியூஜெர்சி ஸ்டாண்டர்டின் டீகில் வந்தார், ஆங்கிலோ-பெர்ஷியனின் காட்மன் வந்தார். அவரவருக்கு அன்று இருந்த வியாபாரப் பங்கு அப்படியே இருக்கட்டும், ஒருவர் பங்கில் மற்றவர் கைவைக்க வேண்டாம் என்று ஒப்பந்தம் எழுதினார்கள். டின்னைக் கேட்டு அடம்பிடித்தவர்களுக்கு அந்தக் கோட்டையில் நாற்காலி போடவில்லை. அவர்கள் இனி எந்தக் கடையில் அடம்பிடித்தாலும் எதிர்க்கடை இறங்கி வரப்போவதில்லை.

அதே வருஷம் நம் நாட்டில் பர்மா கம்பெனியும் ஷெல்லும் சேர்ந்து பர்மா-ஷெல் ஆயின. 1976ல் அதை இந்திய அரசாங்கம் எடுத்துக்கொண்டது. கோட்டையில் எழுதிய ஒப்பந்தத்தின் விவரம் 1952ல் அமெரிக்க அரசாங்க அறிக்கை ஒன்றில்தான் வெளிவந்தது. அதற்குள் இருபத்துநான்கு வருஷங்கள் ஓடியிருந்தன.