பெயர் நிலைக்கப் பொருள் மாறிய பெருவிழா

சமயங்கள் மாறும்போது கோயில்கள் இடிபடலாம், தெய்வங்கள் மறக்கப்படலாம். ஆனால் மக்கள் நாவில் பழகிவிட்ட விழாப்பெயர் எளிதில் மறைவதில்லை. ஸ்கண்டிநேவிய மக்கள் நத்தார் நாளில் கூறும் வாழ்த்துமொழி இதற்குத் தக்க சான்றாகும்.

சுவீடிய மொழியில் ‘கூத் யூல்’ என்பர். நோர்வீஜிய மொழியில் ‘கூ யூல்’ என்பர். இரண்டும் ‘நல்ல யூல்’ எனப் பொருள்படும். டேனியரின் ‘கிளேதெலி யூல்’, ஐஸ்லாந்தரின் ‘கிளெதிலெக் யோல்’ ஆகியவை மகிழ்வான யூலை வாழ்த்துவன. இவ்வாழ்த்துகளில் கிறிஸ்துவின் பெயரும் இல்லை. பிறப்பு என்னும் சொல்லும் இல்லை.

ஐரோப்பாவின் பிற மொழிகளோ விழாவின் கிறித்தவப் பொருளைப் பெயரிலேயே தாங்கியுள்ளன. இத்தாலியரின் ‘நாத்தாலே’, ஸ்பானியரின் ‘நவிதாத்’, வேல்சு மக்களின் ‘நதோலிக்’ ஆகிய யாவும் பிறப்பைக் குறிக்கும் இலத்தீன் சொற்களின் வழி வந்தவை. போர்த்துக்கேயரின் ‘நாத்தால்’ கடல் கடந்து வந்து ஈழத்தமிழில் ‘நத்தார்’ ஆயிற்று. ஆங்கிலக் ‘கிறிஸ்மஸ்’ கிறிஸ்துவின் திருப்பலியைக் குறிப்பது. ஜேர்மனியரின் ‘வைநாக்டன்’ புனித இரவுகளைச் சுட்டுவது.

‘யூல்’ என்பது இவற்றினின்றும் வேறானது. அது கிறித்தவம் வடக்கே பரவுமுன்னரே ஜெர்மானிய இனத்தவரிடை வழங்கிய குளிர்காலச் சொல். பழைய ஆங்கிலேயர் தம் ஆண்டின் இரு மாதங்களை, இன்றைய டிசம்பரையும் ஜனவரியையும் ஒத்தவற்றை, இச்சொல்லின் பண்டை வடிவத்தால் அழைத்தனர் என்று பீட் என்னும் துறவி கி.பி. 725இல் எழுதினார். வேற்று மொழிக்குடும்பத்தைச் சேர்ந்த பின்லாந்தரும் இதனைக் கடன்கொண்டு ‘யோவ்லு’ என வழங்குகின்றனர்.

பழைய யூல் எவ்வாறு கிறித்தவ விழாவாயிற்று? பத்தாம் நூற்றாண்டில் நோர்வேயை ஆண்ட ஹாகோன், இங்கிலாந்து அரசவையில் கிறித்தவனாக வளர்ந்தவன். நடுக்குளிர்கால இரவில் தொடங்கிய யூலை, கிறித்தவர் விழாக் கொண்டாடும் அதே காலத்திற்கு மாற்றுமாறு அவன் சட்டம் செய்தான் என்று பதின்மூன்றாம் நூற்றாண்டு ஐஸ்லாந்து வரலாற்றாசிரியர் ஸ்னோரி கூறுகிறார். ஒவ்வொருவரும் குறித்த அளவு பியர் காய்ச்ச வேண்டும், தவறினால் தண்டம் இறுக்க வேண்டும் என்பதும் அச்சட்டம். ஆயினும் குடியானவர் பணியவில்லை. யூல் விருந்தொன்றில் பலிக்குதிரையின் ஈரலை உண்ணுமாறு அரசனையே கட்டாயப்படுத்தினர். ஹாகோன் காலத்தில் நாடு மதம் மாறவில்லை.

பின்னர் மாறியபோது நிகழ்ந்ததே வியப்புக்குரியது. நல்விளைச்சலுக்காகவும் அமைதிக்காகவும் நியோர்ட், பிரெய்ர் என்னும் தெய்வங்களை நினைந்து மதுக்கிண்ணம் ஏந்துவது பழைய மரபு. மேற்கு நோர்வேயின் குலத்திங் சட்டம், யூல் இரவில் கிறிஸ்துவுக்கும் மரியாளுக்கும் நன்றி கூறிப் பியரை ஆசீர்வதிக்க வேண்டும் என விதித்தது. வேண்டுதலோ ‘விளைச்சலும் அமைதியும்’ என்னும் அதே பழந்தொடர். தெய்வம் மாறிற்று, உழவனின் வேண்டுதல் மாறவில்லை.

விழாவையே ஒழிக்க முனைந்தோரும் உண்டு. ஸ்கொத்லாந்துப் பாராளுமன்றம் 1640இல் யூல் விடுமுறையை நீக்கியது. அங்கு டிசம்பர் 25 மீண்டும் பொதுவிடுமுறையானது 1958இல்தான். முந்நூறு ஆண்டுத் தடையும் தயக்கமும் கடந்து ‘யூல்’ என்னும் சொல் ஸ்கொத் மக்களிடை வாழ்ந்தே வந்தது.

வடபுலத்தில் டிசம்பரின் பகல் மிகக் குறுகியது. இருளின் நடுவே கூடி உண்டு, ஒளி திரும்பும் என நம்புவது அங்கு வாழ்வின் தேவை. அத்தேவையினின்று பிறந்த சொல்லைப் புதிய சமயம் அகற்றவில்லை, தன்னுடையதாக்கிக் கொண்டது. இன்று கோயிலுக்குச் செல்வோரும் செல்லாதோரும் ஒருங்கே ‘நல்ல யூல்’ என வாழ்த்துகையில், ஆயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய இணக்கம் ஒன்று அவர்கள் அறியாமலே ஒலிக்கின்றது.